தோரியத்தின் வயதைக் கேளுங்கள்

உயர்தரப் பரீட்சை நெருங்குகிறது. களுவாஞ்சிக்குடிப் பக்கமிருந்து வரும் மாணவர் கடிதங்களில் ஒரே சந்தேகம்தான் திரும்பத் திரும்ப வருகிறது. தோரியம்-232 இன் அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 1,400 கோடி வருடங்கள் என்றால், அது சிதைந்தாலும் சிதையாத மாதிரித்தானே? வடக்கே கதிரவெளியிலும் தெற்கே திருக்கோவிலிலும் இல்மனைட் அகழ்வுக்கு எதிராக மக்கள் திரண்ட கரை இது. இங்கே வாழ்பவர்களுக்கு அது வெறும் பரீட்சைக் கேள்வி அல்ல.

இல்மனைட் என்பது இரும்பும் தைத்தேனியமும் சேர்ந்த ஒட்சைட்டு. அதற்கு அஞ்சத் தேவையில்லை. தோரியம் இருப்பது அதோடு சேர்ந்து கரையொதுங்கும் மொனசைட்டில். அல்பா, பீற்றா பற்றியெல்லாம் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது, அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு கிராம் தூய தோரியம்-232 இல் செக்கனுக்குச் சுமார் 4,000 கருக்கள் சிதைகின்றன. சிதைந்த கரு அத்தோடு ஓய்வதில்லை. இரேடியம்-228 ஆகிறது, அதன் அரை ஆயுட்காலம் 5.75 வருடம். அடுத்து அக்டினியம், தோரியம்-228, இரேடியம்-224, 56 செக்கனில் பாதியாகிவிடும் தோரன் வாயு என்று போய் ஈயம்-208 இல்தான் நிற்கிறது. மொத்தம் பத்துச் சிதைவுகள். பழைய கனிமத்தில் தாயான தோரியம்-232 சிதையும் வேகத்திலேயே ஒவ்வொரு மகளும் சிதையும். ஆகவே மொனசைட்டுக்குள் இருக்கும் ஒரு கிராம் தோரியத்தின் கணக்கு 4,000 அல்ல, 40,000. மெதுவாகச் சிதைவதால் பலவீனமானது என்று சொல்லும் வழக்கம் உத்தியோகத் தரப்பில் உண்டு. அது தாயை மட்டும் எண்ணிய கணக்கு.

இதைவிட என்னை உறுத்துவது, மணலிலிருந்து தோரியத்தைப் பிரித்த பிறகு நடப்பது. தோரியம்-228 உம் தோரியம்தான் என்பதால் இரசாயன முறையால் அதைத் தாயிடமிருந்து பிரிக்க முடியாது. இரேடியம் விலகிக் கழிவுப் பக்கம் போகிறது. பிரித்த கணத்தில் பத்துச் சிதைவில் இரண்டே மிஞ்சும். ஒரு மாதத்தில் அது எட்டை நெருங்கும். நான்கு வருடமளவில் ஐந்துக்குச் சற்றுக் கீழே இறங்கும். பிறகு பல தசாப்தங்களில் மெல்ல மெல்லப் பத்துக்கு ஏறும். ஒரே பொருளுக்கு இத்தனை அளவீடுகள், எல்லாமே உண்மையானவை! பிரித்த திகதி இல்லாத அளவீட்டு அறிக்கை எதையும் நான் நம்பமாட்டேன்.

இந்தப் புதிர் அவிழ்ந்த கதையில் இலங்கைக்கும் பங்குண்டு. 1904 இல், கனிம அளவைக்குப் பொறுப்பாக இருந்த ஆனந்த குமாரசுவாமி சப்ரகமுவவில் கண்டெடுத்த கரிய கனிமத்துக்குத் தோரியனைட் என்று பெயரானது. அதிலிருந்து எடுத்த பொருளை ஆராய்ந்துதான் ஒட்டோ ஹான் 1905 இல் லண்டனில் இன்று நாம் தோரியம்-228 என்று அழைப்பதைக் கண்டார். கடையில் வாங்கும் தோரிய உப்பு, கனிமத்தில் உள்ளதைப் போல் பாதியளவே கதிர் தருகிறது என்று அமெரிக்காவில் போல்ட்வுட் அளந்திருந்தார். ஹான் வெவ்வேறு வயதுடைய உப்புகளைத் தொழிற்சாலையிலிருந்து வரவழைத்து ஒப்பிட்டார். இடையில் ஒளிந்திருந்த இரேடியம்-228 1907 இல் பிடிபட்டது.

நம் வீடுகளிலும் இந்தத் தோரியம் இருந்தது. பெற்றோல்மக்ஸ் மென்டிலை முதல்முறை கொளுத்தியதும் துணி கருகி, விரல் பட்டாலே உதிரும் வெள்ளை வலை மிஞ்சுமே, பழைய மென்டில்களில் அது பெரும்பாலும் தோரியம் ஒட்சைட்டுத்தான்.

மற்றக் கேள்விகள்:

இரண்டு அரை ஆயுட்காலம் கழிந்தால் முழுதும் தீருமா? இல்லை, கால்வாசி மிஞ்சும்.

எரித்தால் தோரியம் விரைவாகச் சிதையுமா? நெருப்பு கருவைத் தொடாது.

ஒரு குறிப்பிட்ட கரு எப்போது சிதையும்? யாராலும் சொல்ல முடியாது, கூட்டத்துக்குத்தான் கணக்கு.

கருமணலில் நடக்கலாமா? நடக்கலாம், பிரித்துக் குவித்த மொனசைட்டின் தூசியைச் சுவாசிப்பதுதான் கேடு, ஏனெனில் தோலைத் தாண்டாத அல்பா துணிக்கை நுரையீரலுக்குள் இருந்தே தாக்கும்.

அளவீட்டு அறிக்கையை யாரிடம் கேட்பது? 2014 ஆம் ஆண்டின் 40 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த அணுசக்தி ஒழுங்குபடுத்தல் பேரவையிடம், எழுத்தில், பிரித்த திகதியையும் அளந்த திகதியையும் சேர்த்துக் கேளுங்கள்.