மண்ணால் செய்த வெண்கலம்

களுபோவிலயில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டுக் குசினியில் ஒரு பிளாஸ்ரிக் குடம் இருக்கிறது. குழாயில் தண்ணீர் வராத நாட்களுக்காக அம்மா நிரப்பி வைப்பார். அகன்ற வயிறு, ஒடுங்கிய கழுத்து, வெளியே விரிந்த விளிம்பு. பிளாஸ்ரிக்கை எந்த வடிவத்திலும் வார்க்கலாம். ஆனாலும் அது பித்தளைக் குடத்தின் வடிவத்திலேதான் வருகிறது.

எங்கள் பித்தளைக் குடத்தை 1995 இடப்பெயர்வின்போது கிணற்றுக்குள் இறக்கிவிட்டுப் போனோம். திரும்பி வந்தபோது கிணறு இருந்தது, குடம் இல்லை. “ஆரோ உருக்கி வித்திருப்பாங்கள்” என்று சொல்லி அம்மா அந்தக் கதையை முடித்துவிடுவார்.

வெண்கலப் பாத்திரங்களைப் பார்த்து மண்ணில் செய்யப்பட்ட பழைய சீனக் கலங்களைப் பற்றி வாசித்தபோது எனக்கு இந்த இரண்டு குடங்களும்தான் ஞாபகத்துக்கு வந்தன.

பண்டைய சீனாவில் வெண்கலம் வெறும் உலோகமல்ல, அந்தஸ்து. முன்னோருக்கு இறைச்சி படைக்க ‘டிங்’ என்ற கால் வைத்த பாத்திரம், மதுவுக்கு ‘ஹூ’ என்ற சாடி. யார் எத்தனை டிங் வைத்திருக்கலாம் என்பதற்கும் முறை இருந்தது. அரசருக்கு ஒன்பது, கீழே போகப் போகக் குறையும் என்று சடங்கு நூல்கள் சொல்கின்றன. வாளும் வேலும் செய்யவும் அதே செம்பும் வெள்ளீயமும்தான் தேவைப்பட்டன.

இன்றைய செஜியாங், ஜியாங்சு பகுதிக் குயவர்களிடம் வேறொரு வழி இருந்தது. ஏறத்தாழ 3,500 ஆண்டுகளுக்கு முன்பே அவர்கள் களிமண்ணை 1,200 பாகை செல்சியஸ் அளவு வெப்பத்தில் சுடக் கற்றிருந்தார்கள். எங்கள் வீட்டுச் சட்டி பானைகள் இதைவிட மிகக் குறைந்த சூட்டில் வேகுபவை, தண்ணீரை உறிஞ்சும். இந்தக் கலங்கள் கல்லைப்போல இறுகிவிடும். விறகுச் சாம்பல் அந்தச் சூட்டில் களிமண்ணோடு சேர்ந்து உருகிக் கண்ணாடிபோலப் படியும். மண்ணில் உள்ள இரும்பு அதற்குப் பச்சை நிறம் கொடுக்கும்.

வூசி நகருக்கு அருகே ஹொங்ஷானில் 2003 முதல் 2005 வரை அகழப்பட்ட யுவே அரசுக் காலக் கல்லறைகளில் வெண்கல மணிகளின் வடிவம் கூட இப்படி மண்ணில் கிடைத்தது. அவை ஏழைகளின் கல்லறைகள் அல்ல, மேட்டுக்குடியினருடையவை. ஆகவே மண்ணில் செய்ததற்குச் சிக்கனம் மட்டும் காரணமாக இருக்க முடியாது. இறந்தவரோடு புதைப்பதற்கு வடிவம் போதும், உலோகம் உயிரோடிருப்பவர்களுக்குத் தேவை என்ற கணக்கும் இருந்திருக்க வேண்டும்.

ஹான் காலத்து (கி.மு. 206 – கி.பி. 220) ஹூ சாடிகளைப் பார்த்தால் இந்தப் பிரதி எவ்வளவு நுணுக்கமானது என்று புரியும். வெண்கலச் சாடியின் தோளில் ஒரு மிருக முகம் வாயில் வளையத்தைக் கவ்வியிருக்கும். அந்த வளையம் அசையும், பிடித்துத் தூக்கலாம். மண் சாடியிலும் அதே முகம், அதே வளையம். ஆனால் வளையம் உடலோடு ஒட்டியிருக்கும், அசையாது. சாம்பல் மேலிருந்து விழுவதால் பல சாடிகளில் பச்சை மெருகு தோளில் மட்டும் படிந்து, கீழ்ப்பாதி வெறும் மண்ணாகவே நிற்கும்.

வெண்கலத்தின் மீதான இந்த மரியாதை கடல் தாண்டி எங்கள் தீவுக்கும் வந்தது. கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் காலி மும்மொழிக் கல்வெட்டு இருக்கிறது. சீனத் தளபதி செங் ஹேயின் கடற்பயணத்தோடு வந்த கல் அது. 1409ஆம் ஆண்டுத் திகதி கொண்டது. சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தெவிநுவரையில் கோயில்கொண்டிருந்த தென்னாவரை நாயனாருக்கும், பாரசீகப் பகுதி இஸ்லாமியருக்கும் காணிக்கை சொல்கின்றன. பொன் 1,000, வெள்ளி 5,000, பட்டு, எண்ணெய் என்று நீளும் சீனப் பட்டியலில் தூபக்கால்களும் பூச்சாடிகளும் வருகின்றன. அவற்றுக்கு முன்னால் ‘பழைய செம்பு’ என்ற அடைமொழி நிற்கிறது.

அந்தக் காணிக்கைகள் இன்று எங்கே? தென்னாவரைக் கோயிலை 1588இல் போர்த்துக்கேயர் அழித்தார்கள். பாத்திரங்கள் போய்விட்டன, பட்டியல்தான் மிச்சம். அந்தக் கல்லையே 1911இல் காலியில் ஒரு மதகின் மூடுகல்லாகக் கிடந்த நிலையில்தான் கண்டெடுத்தார்கள்.

யாழ்ப்பாணத்துக்கு அருகே அல்லைப்பிட்டியில் நடந்தது இதற்கு எதிர்மாறு. 1977இல் ஜோன் கார்ஸ்வெல் அங்கே சொங் காலத்துச் சீனக் கலங்களை அடையாளம் கண்டார். அவை அரசர் அனுப்பிய காணிக்கைகள் அல்ல. கப்பலில் வந்த வணிகச் சரக்கு: கிண்ணங்கள், சாடிகள். வெண்கலத்தைப் பார்த்துச் செய்தவை என்றும் சொல்ல முடியாது. ஆனால் அதே சூட்டில் இறுகி, அதே மெருகு பூண்ட குடும்பம். ஏறத்தாழ 900 ஆண்டுகளாக மண்ணுக்குள் கிடந்தும் மெருகு போகவில்லை.

காரணம் எளிது. வெண்கலம் எப்போதும் இன்னொன்றாக மாறக்கூடியது. பஞ்சத்தில் காசாகும், போரில் பீரங்கியாகும். அதன் மதிப்பே அதற்கு எமன். சுட்ட மண்ணைத் திரும்ப உருக்கி யாரும் எதுவும் செய்ய முடியாது. உடைந்தாலும் அது உடைந்த கலமாகவே இருக்கும். அதனால்தான் காணாமல்போன எத்தனையோ வெண்கலங்களின் உருவத்தை இன்று மண் சொல்லிக்கொண்டிருக்கிறது.

பிரதி என்றால் போலி என்று நினைத்துப் பழகிவிட்டோம். அசலை இழந்தவர்களுக்கு அது வேறு பொருள். எங்கள் பித்தளைக் குடம் எப்படி இருந்தது என்று அம்மாவிடம் கேட்டேன். அவர் யோசிக்கவில்லை. குசினியைக் காட்டி, “உதே மாதிரித்தான்” என்றார்.