கணனிக்கு நீர்க்குளிர்ச்சி
முதன்முறை அமைப்போர் அறிய வேண்டுவன

உழைக்கும் பொருள் எதுவாயினும் வெப்பத்தை வெளிவிடாது உழைப்பதில்லை. ஆலையில் ஓடும் எஞ்சினுக்கும், மேசைமீது அமைதியாக இருக்கும் கணனிக்கும் இவ்விதி ஒன்றே. கணனி உட்கொள்ளும் மின்சக்தி ஏறக்குறைய முழுவதும் ஈற்றில் வெப்பமாகவே மாறுகின்றது. அவ்வெப்பம் அகற்றப்படாவிடின், செயலி தன்னைக் காத்துக்கொள்ளும் பொருட்டு வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வெப்பம் எல்லை கடப்பின் இயக்கமே நின்றுவிடும்.

இவ்வெப்பத்தை விசிறிக் காற்றினால் அகற்றுவது பெருவழக்கு. நீரினால் அகற்றுவது மற்றொரு வழி. 1960களிலேயே ஐ.பீ.எம். நிறுவனத்தின் பெருங்கணனிகள் சில நீரினாற் குளிர்விக்கப்பட்டன. 1985இல் வெளிவந்த கிறே–2 என்னும் கணனியோ மின்கடத்தாத திரவமொன்றில் முற்றாக மூழ்கியவாறே இயங்கியது. அன்று பெரும் ஆய்வுகூடங்களுக்கு மாத்திரம் உரியதாயிருந்த இம்முறையை இன்று வீட்டிலிருக்கும் மாணவனும் கையாள முடிகின்றது. ஆயினும், உறுப்புகளை ஆராயாது வாங்குவோன் பணத்தை மட்டுமன்றிக் கணனியையும் இழக்க நேரிடும். பல மாதம் சிறுகச் சிறுகச் சேர்த்த பொருள் ஒரு துளி நீரினால் அழியலாமோ? ஆதலின், முதன்முறை இதனை அமைப்போர் எவற்றை எவ்வாறு தெரிந்தெடுத்தல் வேண்டும் என்பதை ஈண்டு நோக்குவோம்.

நீரின் ஆற்றல்

கொதிக்கும் பாலை ஆற்ற விரும்பும் தாய், பாற்செம்பை நீர் நிறைந்த சட்டியில் வைக்கின்றாள். காற்றில் வைப்பதிலும் நீரில் அது விரைவில் ஆறும் என்பதை அவள் அனுபவத்தால் அறிவாள். பௌதிகமும் அதனையே கூறுகின்றது. ஒரு லீற்றர் நீரின் வெப்பநிலையை ஒரு பாகை செல்சியஸ் உயர்த்த ஏறக்குறைய 4,180 யூல் சக்தி வேண்டும். ஒரு லீற்றர் காற்றுக்கோ ஏறத்தாழ 1.2 யூல் போதும். அஃதாவது, ஒரே கனவளவில் நீர் காற்றைப்போல் ஏறக்குறைய 3,500 மடங்கு வெப்பத்தைச் சுமக்க வல்லது.

எனினும், நீர் வெப்பத்தை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குச் சுமந்து செல்கின்றதேயன்றி அதனை அழிப்பதில்லை. ஈற்றில் அவ்வெப்பம் அறைக் காற்றிலேயே கலக்கின்றது. அறையின் வெப்பநிலை 30 பாகையாயின், இம்முறையால் நீரை 30 பாகைக்குக் கீழே கொணர இயலாது. எம் நாட்டு வெப்பத்தில் இதனை அமைப்போர் இவ்வுண்மையை முதலில் மனத்திற் கொள்ளல் வேண்டும்.

முதலிற் கணக்கு

கடைக்குச் செல்லுமுன் காகிதமும் பேனாவும் எடுத்து வெப்பக் கணக்குப் போடுதல் நன்று. உதாரணமாக, 2023இல் வெளிவந்த ஏ.எம்.டி. றைசன் 7 7800 எக்ஸ் 3 டி என்னும் செயலிக்குத் தரப்பட்ட அளவு 120 வாற்று. 2022இல் வெளிவந்த ஜீபோர்ஸ் ஆர்.டி.எக்ஸ் 4080 கிராபிக்ஸ் அட்டைக்கு 320 வாற்று. இரண்டையும் நீரினாற் குளிர்விப்பதாயின் 440 வாற்று வெப்பத்தை அகற்றுதல் வேண்டும்.

செயலி 65 வாற்று அளவினதாயின் நல்ல காற்று விசிறியே போதுமானது. அதற்கு நீர்க்குளிர்ச்சி தேடுதல் வீண் செலவு. செயலியை மாத்திரம் குளிர்விக்க விரும்புவோர்க்கு, தொழிற்சாலையிலேயே நீர் நிரப்பி மூடப்பட்ட ஆயத்த அமைப்பு ஏற்றது. அமைதியான இயக்கமும், தம் கையால் ஒன்றை அமைக்கும் மகிழ்ச்சியும் வேண்டுவோரே தனி அமைப்பை நாடுதல் தகும்.

உறுப்புகள் ஐந்து

முதலாவது நீர்க்கட்டி. செயலியின்மேல் வைத்து அழுத்தப்படும் செம்புக் கட்டி இது. மயிரிழை போன்ற நுண்ணிய செதில்கள் இதனுள்ளே செதுக்கப்பட்டிருக்கும். நீர் அவற்றிடையே பாய்ந்து வெப்பத்தைக் கவரும். தாய்ப்பலகையின் செயலிக்குழி ஏ.எம். 5 ஆ, எல்.ஜி.ஏ. 1700 ஆ என்று அறிந்து, அதற்குரிய பூட்டுத் தகடுகள் உளவா எனப் பார்த்தே வாங்குதல் வேண்டும். கிராபிக்ஸ் அட்டைக்குரிய கட்டியில் இன்னும் அவதானம் தேவை. ஒரே பெயருடைய அட்டையை வெவ்வேறு நிறுவனத்தார் வெவ்வேறு அமைப்பில் ஆக்குகின்றனர். ஒன்றுக்குப் பொருந்துவது மற்றொன்றுக்குப் பொருந்தாது. அட்டையின் முழு இலக்கத்தையும் ஒப்பிட்ட பின்னரே பணம் கொடுத்தல் வேண்டும்.

இரண்டாவது றேடியேற்றர். மோட்டார் வண்டியில் நாம் காண்பதன் சிற்றுருவம் இது. 120 அல்லது 140 மில்லிமீற்றர் விசிறிகளின் எண்ணிக்கையைக் கொண்டு இதனை அளப்பர். 120 மில்லிமீற்றர் பகுதி ஒன்று ஏறக்குறைய 100 வாற்றை அமைதியாக அகற்றும் என்று கொள்வது நடைமுறைக் கணக்கு. எமது 440 வாற்றுக்கு 360 ஒன்றும் 240 ஒன்றும், ஆக ஐந்து பகுதிகள் போதும். ஆனால், 360 எனப்படும் றேடியேற்றரின் முழு நீளம் ஏறக்குறைய 400 மில்லிமீற்றர் வரும். அதன் தடிப்பு 30 மில்லிமீற்றராயின், விசிறியின் 25 மில்லிமீற்றரும் சேர்ந்து 55 மில்லிமீற்றர் இடம் வேண்டும். கணனிப் பெட்டியை அளவுகோல் கொண்டு அளந்த பின்னரே இதனைத் தெரிதல் வேண்டும்.

மூன்றாவது பம்பியும் நீர்த்தொட்டியும். இரண்டும் ஒன்றாக இணைந்தவற்றை வாங்குவது முதன்முறை அமைப்போர்க்கு எளிது. பம்பியின் சுழலச்சுக்கு அது தள்ளும் நீரே உராய்வு நீக்கி. ஆதலின், நீரின்றி அதனை இயக்கலாகாது. தொட்டி எப்பொழுதும் பம்பிக்கு நேர்முன்னே, நீரை அதற்கு ஊட்டும் நிலையில் இருத்தல் வேண்டும். ஏனைய உறுப்புகளின் ஒழுங்கைப் பற்றிக் கவலைப்பட வேண்டுவதில்லை. நிமிடத்திற்கு நான்கு லீற்றர் நீர் ஓடுமாயின், 440 வாற்று வெப்பத்தை ஏற்ற நீருக்கும் ஏற்காத நீருக்கும் உள்ள வேறுபாடு ஏறக்குறைய ஒன்றரைப் பாகையே. மாணவர் இக்கணக்கைத் தாமே செய்து பார்க்கலாம்.

நான்காவது குழாயும் அதனைப் பூட்டும் பிற்றிங்குகளும். வளையாத அக்கிரிலிக் குழாய் கண்ணுக்கு அழகியது; ஆனால் அதனைச் சூடாக்கி வளைப்பதற்குக் கைப்பழக்கம் வேண்டும். புதியவர்க்கு மென்குழாயே உகந்தது. ஈ.பீ.டீ.எம். என்னும் கருநிற இறப்பர்க் குழாய் காலப்போக்கில் மங்குவதுமில்லை. நீரில் பிசுபிசுப்பைக் கலப்பதுமில்லை. குழாயின் உள்விட்டம், வெளிவிட்டம் இரண்டும் பிற்றிங்கின் அளவோடு ஒத்திருத்தல் அவசியம். 10க்கு 13 மில்லிமீற்றர்க் குழாயை 10க்கு 16 மில்லிமீற்றர்ப் பிற்றிங்கில் பூட்டினால் ஒழுக்கு நிச்சயம்.

ஐந்தாவது திரவம். காய்ச்சி வடித்த நீரும், அரிப்பையும் பாசியையும் தடுக்கும் மருந்தும் சேர்ந்த தெளிந்த திரவமே சிறந்தது. பால்போலும் வண்ணக் கலவைகள் செதில்களிடையே படிந்து நீரோட்டத்தை அடைக்கக்கூடும். கிணற்று நீரோ குழாய் நீரோ ஒருபோதும் ஆகாது. அவற்றிலுள்ள உப்புகள் படிந்து அடைப்பையும் அரிப்பையும் விளைக்கும்.

கூடா நட்பு

புதியவர் பலர் அறியாத ஆபத்து உலோகக் கலப்பு. செம்பும் அலுமினியமும் ஒரே நீரில் தொடர்புற்றிருப்பின் அங்கே ஒரு மின்கலம் உருவாகின்றது. இவ்விரண்டின் நியம மின்வாய் அழுத்தங்கள் முறையே +0.34, –1.66 வோல்ற்று, வேறுபாடு 2 வோல்ற்று. இதனால் அலுமினியம் மெல்ல மெல்லக் கரைந்து, ஈற்றில் றேடியேற்றரில் துளை விழும். மருந்து இதனைத் தாமதப்படுத்துமேயன்றி முற்றாக நீக்காது. மலிவான றேடியேற்றர்கள் பல அலுமினியத்தால் ஆனவை. ஆதலின் செம்பு, பித்தளை, நிக்கல் பூச்சுடைய செம்பு ஆகியவற்றால் ஆன உறுப்புகளையே ஒருங்கு சேர்த்தல் வேண்டும். விலையைக் கேட்குமுன் உலோகத்தைக் கேட்பது விவேகம்.

பொறுமையே காப்பு

உறுப்புகளைப் பூட்டுமுன் றேடியேற்றரைக் காய்ச்சி வடித்த நீரால் பலமுறை அலசுதல் வேண்டும். பூட்டி முடிந்ததும் கணனிக்கு மின் கொடுக்காது, பம்பியை மாத்திரம் தனியே இயக்கி, ஒவ்வொரு பூட்டின் கீழும் வெண்காகிதம் விரித்து 24 மணி நேரம் காத்திருத்தல் நல்லோர் வழக்கு. காகிதத்தில் ஈரம் காணப்படின் அவ்விடத்தைத் திருத்தலாம், இழப்பு ஏதுமில்லை. காய்ச்சி வடித்த நீர் மின்னைக் கடத்தாது என்று துணிவோரும் உளர். சுற்றில் ஓடிய நீர் உலோகத்திலும் தூசியிலும் இருந்து அயன்களைப் பெற்றுச் சிறிது காலத்தில் மின்கடத்தியாகிவிடும். ஆண்டுக்கொரு முறை திரவத்தை மாற்றுதலும் வேண்டும்.

தம் பிள்ளை இத்தகைய கணனியை விரும்பும்போது பெற்றோர் உடனே மறுக்கவும் வேண்டாம். உடனே பணத்தைக் கொடுக்கவும் வேண்டாம். வெப்பக் கணக்கையும், பெட்டியின் அளவையும், உறுப்புகளின் உலோகத்தையும் ஒரு தாளில் எழுதிக் கொணருமாறு பணிக்கலாம். அத்தாளைப் பிழையற எழுதும் பிள்ளை பௌதிகத்தையும் இரசாயனத்தையும் புத்தகத்திற்கு வெளியே ஒருமுறை கற்றுவிட்டது எனலாம். அதன் கையிற் கருவியை நம்பிக் கொடுக்கலாம்.