செய்நிரல் மொழியிற் புதுமை புகுத்தல்

பழைய வழக்கு மறைவதும் புதிய வழக்குத் தோன்றுவதும் குற்றமன்று என்பது நன்னூலார் கொள்கை. மக்கள் பேசும் மொழிக்கு இது பொருந்தும். வழக்கொழிந்த சொல்லையும் அகராதி கொண்டு அறிந்துகொள்வோம். கணனிக்கு ஏவல் எழுதும் செய்நிரல் மொழியின் நிலை வேறு. நேற்று ஏற்ற தொடரை இன்று அம்மொழி மறுப்பின், அத்தொடர் கொண்ட செய்நிரல் இயங்காது. ஆதலின் அங்கே புதிய அம்சமொன்றைச் சேர்ப்பதினும் சேர்த்ததை விலக்குவதே அரிது.

இதற்கு எடுத்துக்காட்டு எம் நகரிலேயே உண்டு. சஞ்சீவ வீரவரண முதலியோர் 2005இல் தொடங்கிய டபிள்யு.எஸ்.ஓ.2 நிறுவனம் கொழும்பிலே வளர்த்த பலரீனா மொழி, 2017இல் உலகுக்கு அறிமுகமாயிற்று. 2019இல் அதன் 1.0 பதிப்பு வெளிவந்தபோது, நிலைபெற்ற அம்சங்களும் பரீட்சார்த்த அம்சங்களும் வெவ்வேறாகப் பிரிக்கப்பட்டன. கொடுக்கல் வாங்கலைக் காக்கும் அம்சம் பின்னைய வகுப்பைச் சேர்ந்தது. ஒரு கணக்கிற் பணம் கழிதலும் மற்றக் கணக்கிற் சேர்தலும் இரண்டும் நிகழல் வேண்டும். அன்றேல் இரண்டும் நிகழாதிருத்தல் வேண்டும். இதனை உறுதிசெய்வதே அதன் தொழில். அதனைக் கையாள விரும்பியோர், பரீட்சார்த்தம் என்று அறிந்தே ஏற்பதாகக் கட்டளையிலே தனியே குறிப்பிட வேண்டியிருந்தது.

இவ்வேலி எதற்கு? பலர் கையாளாத அம்சத்தின் குறை வெளிப்படாது. பலர் கையாண்டபின் அதனை மாற்றும் சுதந்திரம் ஆக்கியோர்க்கு இராது. இவ்விடர்ப்பாட்டுக்கு வழிகாண்பதே வேலியின் நோக்கம். 2022இல் வந்த சுவான் லேக் பதிப்பிலே அவ்வம்சம் புதிதாக வடிக்கப்பெற்றது. கொடுக்கல் வாங்கலை முடித்துவைக்கும் ஏவலைச் செய்நிரலாளரே வெளிப்படையாக எழுதவேண்டும் என்ற விதியோடு, அது மொழியின் நிலையான பகுதியாயிற்று. ஆயினும் அப்பதிப்பு முந்தியதோடு முற்றும் இணங்கியதன்று. முதலில் நம்பி வந்தோரே தம் செய்நிரல்களைத் திருத்தி எழுதவேண்டியவராயினர். புதுமைக்குரிய விலையை ஆக்கியோர் மட்டும் செலுத்துவதில்லை.

விலக்குதலும் சில வேளை அறிவுடைமையாகும். ஜாவா மொழியிலே சொற்றொடர் வார்ப்புரு என்னும் அம்சம் 2023இல் 21ஆம் பதிப்பிலும், 2024இல் 22ஆம் பதிப்பிலும் முன்னோட்டமாக வந்தது. வடிவமைப்புத் திருப்தி தராமையால் 23ஆம் பதிப்பில் நீக்கப்பட்டது. முன்னோட்டம் என்று முதலிலேயே அறிவித்தமையாலன்றோ அது இயன்றது!

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இருந்து எம் கல்லூரிக்கு வரும் மாணவர் பலர் நாளை இத்துறை புகுவர். அவர்க்கு நாம் கூறுவது இதுவே: புதிய அம்சத்தை ஆர்வத்தோடு ஆராயுங்கள், கண்ட குறையை ஆக்கியோர்க்கு அறிவியுங்கள், பிறர் பணமும் உயிரும் தங்கியுள்ள வேலையில் மட்டும், அது நிலைபெறும்வரை பொறுத்திருங்கள்.