பிள்ளைகளுக்குப் பழைய கார் வாங்கும் முன்...

கல்லூரி திறக்கும் காலம் வந்தால் நமது சங்கக் கூட்டங்களில் அரிசி விலை, பருப்பு விலைக்கு அடுத்தபடியாக ஒரு பேச்சு அடிபடும். "பையன் கார் கேட்கிறான், பழசு ஒன்று பார்த்துக் கொடுங்கள்" என்பதே அது. சரக்கு வாங்குவதில் நம்மை யாரும் ஏமாற்ற முடியாது. ஆனால் அதே நாம், கழுவித் துடைத்து நிறுத்திய காரைப் பார்த்தால் மயங்கிவிடுகிறோம். ஆகவே நாம் பட்டறிந்ததையும் விசாரித்து அறிந்ததையும் உறுப்பினர்களுக்குச் சொல்வது கடமை என்று கருதி இதை எழுதுகிறோம்.

முதலில் தேவையா?

கல்லூரிப் பேருந்து வாசலுக்கு வருகிறதென்றால் கார் தேவையில்லை. தூரம் அதிகம், பேருந்து வசதி இல்லை, மகள் ஆய்வகம் முடித்து இருட்டிய பின் திரும்புகிறாள் என்ற நிலை இருந்தால் கார் நியாயமான செலவுதான்.

அடுத்தது வயது. முதலாண்டு மாணவர் பலருக்கு 17 வயதுதான் இருக்கும். கார் ஓட்டுநர் உரிமம் 18 வயதுக்கு மேல்தான். 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, 18 வயது நிரம்பாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறையும் ரூ.25,000 அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்தாகும். அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை உரிமமும் கிடைக்காது. "பக்கத்துத் தெருவுக்குத்தானே" என்று சாவியைக் கொடுத்துவிடக் கூடாது.

எந்தக் கார்?

நமது ஊர் மெக்கானிக்குக் கை பழகிய கார், உள்ளூர்க் கடையில் உதிரிபாகம் கிடைக்கும் கார், இதுதான் நல்ல கார். மாருதி ஆல்ட்டோ, வேகன் ஆர், செலிரியோ, ஹூண்டாய் ஐ10 போன்ற சிறிய பெட்ரோல் கார்கள் இந்த வகை. இந்தியாவில் விற்பனையை நிறுத்திய நிறுவனங்களின் கார்கள் விலை மலிவாக வரும். செவ்ரோலே 2017-லும், ஃபோர்டு 2021-லும், டட்சன் 2022-லும் நிறுத்தின. கார் நன்றாகவே இருக்கலாம். ஆனால் உதிரிபாகம் எங்கே, எத்தனை நாளில் வரும் என்று விசாரித்த பிறகே கை வைக்க வேண்டும்.

டீசல் சிக்கனம் என்பது தினமும் நெடுந்தூரம் ஓடுவோருக்கு. வீட்டுக்கும் கல்லூரிக்கும் ஓடும் காருக்குப் பெட்ரோலே போதும்.

விலையைவிட முக்கியமானது பாதுகாப்பு. 2019 ஜூலை முதல் விற்பனையான புதிய கார்களில் ஓட்டுநருக்கு ஏர்பேக் கட்டாயம். 2022 தொடக்கம் முதல் பக்கத்து இருக்கைக்கும் கட்டாயம். அதற்கு முந்தைய கார்களில் பல, குறிப்பாக மலிவு ரகங்கள், ஏர்பேக் இல்லாமல் வந்தவை. 20 வயதுப் பிள்ளைக்குக் கொடுக்கிறோம். ரூ.40 ஆயிரம், 50 ஆயிரம் கூடினாலும் ஏர்பேக் உள்ள காரையே பாருங்கள்.

15 ஆண்டு கடந்த கார் மலிவாகக் கிடைக்கும். ஆனால் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் ரூ.600-லிருந்து ரூ.5,000 ஆக உயர்ந்தது. பசுமை வரியும் தகுதிச் சோதனையும் வேறு. அந்த மலிவு, மலிவு அல்ல.

பார்த்து வாங்கும் முறை

அரிசி வாங்கும்போது மூட்டை வாயில் உள்ளதை நம்புவோமா? நடுவில் குத்தூசி விட்டு எடுத்துப் பார்ப்போம். காருக்கும் அதே முறைதான்.

காலையில் போக வேண்டும். போனவுடன் பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், நாம் வருவதற்கு முன்பே ஓட்டிவைத்திருக்கிறார்கள் என்று பொருள். ஆறிய எஞ்சின் முதல் முறையிலேயே பற்ற வேண்டும். நீலப் புகை தொடர்ந்து வந்தால் எஞ்சின் ஆயிலை எரிக்கிறது. ஆயில் மூடியைத் திறந்தால் உள்ளே வெண்ணெய் போல் படிந்திருப்பின் தண்ணீர் கலந்திருக்கலாம். இரண்டும் பெரிய செலவு.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரம் தயாரானது. பட்டன் தேயாவிட்டாலும் வயதான டயர் ஆபத்தே. நான்கும் பழையதென்றால் நான்கு டயர் விலையைக் கழித்துக் கேளுங்கள்.

கிலோமீட்டர் எண்ணை நம்ப வேண்டாம். அதைக் குறைப்பது கைவந்த கலை. சர்வீஸ் பில்களைக் கேட்டு வாங்கி ஒப்பிடுங்கள். ஸ்டியரிங், கிளட்ச் பெடல் தேய்மானமும் உண்மையைச் சொல்லும்.

2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பரில் சென்னை, தூத்துக்குடி, திருநெல்வேலி பகுதிகளிலும் வெள்ளம் வந்தது. நீரில் நின்ற கார் எந்த ஊருக்கும் விற்பனைக்கு வரலாம். சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்துப் பாருங்கள், கடைசியில் சேற்றுக் கறை தெரியும். ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்தையும், இருக்கையின் அடிக்கம்பித் துருவையும் பாருங்கள்.

முடிவாக, விற்பவரோடு தொடர்பில்லாத மெக்கானிக் ஒருவரைக் கூலி கொடுத்து அழைத்துச் செல்லுங்கள். அந்தக் கூலியில் சிக்கனம் வேண்டாம்.

பத்திரங்கள்: நாம் பட்ட பாடு

சில ஆண்டுகளுக்கு முன் நமது வீட்டுக் காரை ஒரு தரகர் மூலம் விற்றோம். படிவங்களில் கையெழுத்திட்டுக் கொடுத்தோம், பணத்தை எண்ணி வாங்கினோம், மறந்தோம். ஒன்றரை ஆண்டு கழித்து நீதிமன்ற நோட்டீஸ் வந்தது. அந்தக் கார் வேறு மாவட்டத்தில் ஒருவர் மேல் மோதி அவர் இறந்துவிட்டார். பெயர் மாற்றப்படவில்லை, இன்சூரன்ஸும் காலாவதி. ஆர்.சி.யில் நமது பெயர் இருந்ததால் வழக்கில் நாமும் எதிர்மனுதாரர். கார் விற்ற தொகையைப்போல் மூன்று பங்கு கொடுத்து முடித்தோம். குடும்பத் தலைவனை இழந்தவர்கள் மேல் நமக்கு வருத்தமில்லை. சரக்கை ஏற்றிவிட்டு லாரி ரசீது வாங்காத தவறு நம்முடையது. பதிவேட்டில் யார் பெயரோ அவரே உரிமையாளர், அவரே பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றமும் கூறியிருக்கிறது.

ஆகவே, மாநிலத்துக்குள் விற்றால் விற்பவர் 14 நாளுக்குள் படிவம் 29-ஐயும், வாங்குபவர் 30 நாளுக்குள் படிவம் 30-ஐயும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் சேர்க்க வேண்டும். கடன் இருந்த காராக இருந்தால் வங்கியின் தடையின்மைச் சான்றும் படிவம் 35-ம் இல்லாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டால் கடன், இன்சூரன்ஸ் தேதி, அபராத நிலுவை தெரிந்துவிடும். வாங்கிய 14 நாளுக்குள் இன்சூரன்ஸையும் உங்கள் பெயருக்கு மாற்ற எழுதுங்கள். விற்றவரின் நோ கிளெய்ம் போனஸ் உங்களுக்கு வராது. அதைக் கணக்கில் சேர்த்துப் பேரம் பேசாதீர்கள்.

கணக்கு வழக்கு

ரூ.2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. வங்கி வழியாகவே கொடுங்கள், அதுவே பின்னாளில் சாட்சி.

கடைப் பெயரில் வாங்கினால் வரி மிச்சம் என்று சிலர் சொல்கிறார்கள். பயணிகள் காருக்குச் செலுத்தும் ஜி.எஸ்.டி.க்கு உள்ளீட்டு வரி வரவு பொதுவாகக் கிடையாது. பிள்ளை ஓட்டும் காரைத் தொழில் செலவாகக் காட்டினால் ஆடிட்டரும் நாமும்தான் பதில் சொல்ல வேண்டும். வீட்டுக் காரை வீட்டுக் கணக்கிலேயே வைப்பது நல்லது.

2025 செப்டம்பர் 22 முதல் சிறிய புதிய கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்தது. எனவே பழைய கார் விலை கேட்கும் முன், அதே கார் புதிதாக இன்று என்ன விலை என்று தெரிந்துகொண்டு போங்கள்.

கையில் ரூ.3 லட்சம் இருந்தால் இரண்டரை லட்சத்துக்கு மேல் கார் பார்க்காதீர்கள். மீதி, டயர், பேட்டரி, பெல்ட், பிரேக், இன்சூரன்ஸ், பெயர் மாற்றம் ஆகியவற்றுக்கு. யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு யோசிக்கும் நிலை வரக் கூடாது.

வாங்கியபின் முதல் மாதம் பிள்ளை ஓட்ட, நாம் பக்கத்தில் உட்கார்ந்து போவோம். டயர் மாற்றக் கற்றுக் கொடுப்போம். கடைக்கு ஒரு மணி நேரம் தாமதமானால் பரவாயில்லை. சரக்கில் நட்டம் வந்தால் அடுத்த சரக்கில் ஈடு கட்டலாம். பிள்ளை விஷயத்தில் அந்தக் கணக்கு செல்லாது.