பரணில் பழைய 'பேன்ஜோ' இருக்கா? செய்தவர் யார் என்று கண்டுபிடிப்பது எப்படி?

ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ தாத்தா வாசித்த பழைய பேன்ஜோ உங்க வீட்டுப் பரணில் கிடக்குதா? பாலிஷ் போடாதீங்க! செய்தவரின் அடையாளமே அழிந்துவிடலாம்.

இந்தியாவில் பலர் பேன்ஜோ என்று சொல்வது புல்புல் தாராவைத்தான். டைப்ரைட்டர் போல கட்டைகளை அழுத்தி வாசிப்பது. 1912-ல் ஜப்பானின் நகோயாவில் உருவான தைஷோகோட்டோதான் இதன் மூலம்.

லேபிள் என்ன சொல்லும்?

உள்ளே டார்ச் அடித்துப் பாருங்க. விலை அணாவில் இருந்தால், பெரும்பாலும் 1957-க்கு முந்தைய லேபிள். முகவரியில் 600013 என 6 இலக்க பின்கோடு இருந்தால், 1972-க்கு முந்தையதாக இருக்க முடியாது. 'சென்னை'க்குப் பதில் ஆங்கிலத்தில் 'மெட்ராஸ்' என்றிருந்தால், 1996 பெயர் மாற்றத்துக்கு முந்தையதாக இருக்கலாம்.

கடைக்காரரா, கைவினைஞரா?

லேபிளில் இருப்பது விற்ற கடையின் பெயராகவும் இருக்கலாம். செய்தவரைத் தேட, பென்சில் குறிகள், பலகை இணைப்பு, கட்டைகளின் வெட்டு ஆகியவற்றைப் படமெடுத்து, அதே லேபிள் உள்ள வேறொரு கருவியோடு ஒப்பிடுங்க. தந்தி, ஸ்பிரிங்கை வைத்து முடிவு பண்ணாதீங்க, அவை மாற்றப்பட்டிருக்கலாம்.

வாசித்தவர் பெயர் நிற்கும், செய்தவர் பெயர் மறையும். மிருதங்கம் செய்பவர்கள் பற்றி டி.எம்.கிருஷ்ணா 2020-ல் எழுதிய புத்தகம் பேசியதும் இதைத்தான். அதனால், வீட்டுப் பெரியவங்க இருக்கும்போதே கேட்டு எழுதி வைங்க.