கைப்பட ஒரு வாழ்த்து

பொங்கலுக்குப் பத்து நாள் முன்பிருந்தே தபாற்காரரின் வரவை நோக்கித் திண்ணையில் காத்திருந்த காலம் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். இன்றோ கைப்பேசியில் வந்த ஒரே வாழ்த்தை நூறு பேர் வாங்கி, படித்தும் படியாமலும் வேறு நூறு பேருக்குத் தள்ளிவிடுகிறார்கள். இதனை வாழ்த்தென்று சொல்ல நமக்கு மனம் ஒப்பவில்லை.

அச்சிட்ட வாழ்த்தின் வரலாறும் அவ்வளவு பெருமையுடையதன்று. 1843-ஆம் வருஷம் இங்கிலாந்தில் ஹென்றி கோல் என்பவர், நண்பர் அனைவருக்கும் தனித்தனியே கிறிஸ்துமஸ் கடிதம் வரைய அவகாசமின்றி, ஹார்ஸ்லி என்னும் ஓவியரைக்கொண்டு படம் எழுதுவித்து ஆயிரம் பிரதிகள் அச்சிட்டார். எஞ்சியவற்றைப் பிரதி ஒரு ஷில்லிங்குக்கு விற்றார். நேரமின்மையில் பிறந்த சரக்கு அது. நமக்கோ ஓலை இருந்தது. மணச் செய்தியும் ஓலை, மரணச் செய்தியும் ஓலை.

மணவாளக்குறிச்சியை வெளியுலகம் அறிந்தது அதன் மணலால். திருவிதாங்கூரிலிருந்து ஜெர்மனிக்குச் சென்ற கயிற்றில் ஒட்டியிருந்த மணலை ஷோம்பெர்க் என்ற ரசாயனி ஆராய்ந்து, அதில் மோனசைட் இருப்பதை 1909-ல் கண்டார். விளக்குக் கூண்டுகளுக்கு வேண்டிய தோரியத்துக்காக இக்கரையில் ஆலை எழுந்தது. கருமணலும் செம்மணலும் கண்ணைப் பறிப்பதால், அவற்றைப் பசையில் ஒட்டி வாழ்த்துமடல் செய்யலாமே என்று இளைஞர் சிலர் எண்ணக்கூடும். வேண்டாம். மோனசைட் கதிர்வீசும் பொருள். அணுசக்திச் சட்டத்துக்கு உட்பட்டது. நண்பனுக்கு அனுப்பத் தக்கதன்று!

அதே கரையில் பனை நிற்கிறது. அதன் குருத்தோலையை ஈர்க்கு நீக்கி, மஞ்சள் இட்ட நீரில் வேகவைத்து, நிழலில் உலர்த்தி, கனத்த புத்தகங்களின் அடியில் சில நாள் வைத்தால் சுருளாத ஏடு கிடைக்கும். ஊசிமுனையால் கீறி விளக்குக்கரியைத் தேய்த்துத் துடைத்தால் கீறிய எழுத்து மட்டும் கறுத்து நிற்கும். தவறினால் அழிக்க முடியாது; ஆகவே எழுதுமுன் யாருக்கு என்ன சொல்வதென்று யோசித்தே தீரவேண்டும். இவ்வேட்டை மடித்த கைக்காகிதத்தில் நூலால் தைத்துவிடலாம். மஞ்சளில் சிறிது சுண்ணாம்பு சேர்த்தால் செந்நிறம் வரும். வெயிலில் அது வெளுக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறோம். ஒரு மரத்தில் ஒரு குருத்துக்கு மேல் எடுக்கலாகாது. பனையேறும் சகோதரருக்குரிய கூலியைப் பேரம் பேசாமல் கொடுக்கவேண்டும். அத்தொழிலை விட்டு ஜனங்கள் விலகிக்கொண்டே போகிறார்கள்.

காகிதத்துக்கும் நாம் வெளியே அலைய வேண்டியதில்லை. காந்தியடிகள் 1934-ல் வார்தாவில் நிறுவிய அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கம் கைக்காகிதத்தை உயிர்ப்பித்தது. அதன் காரியதரிசி தஞ்சையிற் பிறந்த ஜே. ஸி. குமரப்பா. வந்த கடித உறைகளைப் பிரித்து உட்புறத்தில் எழுதியவர் காந்தியடிகள். அவ்வழியே பழைய உறையில் எழுதிய வாழ்த்தையும் நாம் குறைவாக எண்ணமாட்டோம்.

மற்றொன்றும் சொல்லவேண்டும். இவ்வூருக்கு அருகேயுள்ள மண்டைக்காட்டில் 1982-ல் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் மோதிக்கொண்டனர். அவ்வடு இன்னும் பலர் நெஞ்சில் உண்டு. கூட்டம் போட்டுப் பேசும் ஒற்றுமையில் நமக்கு அவநம்பிக்கையில்லை. ஆனால் மேடையில் கேட்ட சொல் வீடு வரை வருவது அரிது. கிறிஸ்துமஸுக்கு இந்து வீட்டுப் பிள்ளையும், பொங்கலுக்குக் கிறிஸ்தவ வீட்டுப் பிள்ளையும், இரு வீட்டாரும் ரம்ஜானுக்கு முஸ்லிம் அண்டைவீட்டாருக்கும், பெயர் குறித்துத் தம் கைப்பட ஓர் ஏடு எழுதிக் கொடுக்கட்டும். நம் தொண்டர்கள் தத்தம் தெருவில் பத்து வீடுகளில் இதைத் தொடங்கினால் போதும்.

கார்த்திகை மழையில் ஓலை எளிதில் உலராது. ஐப்பசி பிறக்குமுன்பே குருத்து வெட்டி வைத்துக்கொள்வது நலம்.