ஒரே குன்றில் பிறந்த பூ

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், பர்ன்ஸ் என்ற சிற்றூருக்குத் தெற்கே, எரிமலைச் சாம்பல் இறுகிக் கிடக்கும் ஒரு குன்று. மல்ஹியூர் ஒயர்லெட்டஸ் என்ற செடி உலகிலேயே இயற்கையாக வளர்ந்தது அதன் உச்சியில் மட்டும்தான்.

முழங்கால் உயரச் செடி. கம்பி கம்பியாகக் கிளைத்த தண்டை ஒடித்தால் பால் வடியும். சின்ன ரோஜா நிறப் பூவில் ஐந்தாறு இதழ் தெரியும். உற்றுப் பார்த்தால் ஒவ்வொரு 'இதழும்' ஒரு தனிப் பூ. சூரியகாந்திக் குடும்பமல்லவா!

1966-ல் லெஸ்லி காட்லிப் என்ற ஆய்வாளர் அங்கே விதை சேகரித்தார். இந்தச் செடி பிரிந்து வந்த தாய்ச்செடியும் அதே குன்றில் உண்டு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். தாய்ச்செடி விதை கட்ட வேண்டுமானால் பூச்சிகள் வேறொரு செடியின் மகரந்தத்தைக் கொண்டுவர வேண்டும். இதற்கு அது தேவையில்லை. தன் மகரந்தமே போதும். தாயோடு கலக்காமல் பக்கத்திலேயே தனி இனமாகப் பிரிந்தது இப்படித்தான். ஓர் இனம் பிறந்த இடத்தையே கைகாட்ட முடிவது தாவரவியலில் அபூர்வம். 1978-ல் இதைத் தனி இனமாக அறிவித்தார்கள்.

ஒரே பருவம் வாழும் செடிக்கு விதைதான் சொத்து. 1972-ல் குன்றில் தீ பரவியதும் சீட்கிராஸ் என்ற அந்நியப் புல் உள்ளே நுழைந்தது. அது முந்திக்கொண்டு முளைத்து, மண்ணின் ஈரத்தைக் குடித்து, கோடைக்குள் காய்ந்து அடுத்த தீக்கு விறகாகும். 1982-ல் செடி அருகிவரும் இனமாக அறிவிக்கப்பட்டது. 160 ஏக்கர் பாதுகாக்கப்பட்டது. அறிவிப்பைப் பார்த்துப் புல் நின்றுவிடுமா? சில ஆண்டுகளில் குன்றில் ஒரு செடிகூட இல்லை.

காட்லிப் தம் விதைகளை விதைநெல்போலக் காத்து வைத்திருந்தார். அவற்றிலிருந்து வளர்த்த நாற்றுகளை 1987-ல் குன்றுக்கே திரும்பக் கொண்டுபோய் நட்டார்கள். வேரூன்றின, பூத்தன, ஆனால் எண்ணிக்கை நிலைக்கவில்லை.

மல்ஹியூர் என்றால் பிரெஞ்சில் துரதிர்ஷ்டம். பதுக்கிவைத்த தோல்மூட்டைகளைப் பறிகொடுத்த வேட்டைக்காரர்கள் அங்குள்ள ஆற்றுக்கு வைத்த பெயர், இந்தப் பூவுக்கும் ஒட்டிக்கொண்டது. தாய்ச்செடிக்கோ ஒரு குறையும் இல்லை; மேற்கு அமெரிக்காவில் இன்றும் தாராளமாகப் பூக்கிறது.